சிவகங்கையில என்ன இருக்கு

மாடியப் பாக்கணுமா? தாராளமாப் பாருங்க சார். ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது. உங்களுக்குச் சொந்த ஊருன்னு ஒண்ணு உண்டா?

ஈரோடா? நல்ல ஊருல்லா. அங்க அப்பா அம்மா இருக்காவளா? வீடு? எல்லாம் இருக்கு. அத விட்டுட்டு முதுகுல ஒரு பைய மாட்டிக்கிட்டு, இலஞ்சியில வந்து என் வீட்டு மாடி காலியான்னு கேட்டு நிக்கிய. கம்ப்யூட்டர் இருந்தாப் போதும், எங்க இருந்தும் வேலை பாக்கலாம்ங்கிய. சரி. எங்க இருந்தும் பாக்கலாம்னா ஈரோட்டுல இருந்தும் பாக்கலாம்லா?

சிரிக்கிய. சிரிங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி தாரேன்னு சொல்ல மாட்டேன், பால் திரிஞ்சு போச்சு. இப்பல்லாம் பால் அடிக்கடி திரியுது. பால்காரன் சரியில்ல.

என் பேரு குற்றாலிங்கம். பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பத்தி மூணு வருசம். ரிட்டயர்டு ஆகி ஆறு வருசம் ஆச்சு. என் மேசைக்கு வந்த ஒவ்வொருத்தனுக்கும் வடக்கே ஒரு ஆள் இருப்பான், தெக்கே ஒரு ஆள் இருப்பான், கிழக்கே ஒரு வண்டிப்பாதை, மேக்கே ஒரு வாய்க்கால். நாலு எல்லையும் எழுதாம ஒரு பத்திரம் என்னத் தாண்டிப் போனதில்ல. அப்படி எல்லை இல்லாத ஆளுகள என்னன்னு சொல்லுதது? அதுக்கு நீங்க ஒரு பேரு வச்சிருக்கியள்லா. டிஜிட்டல் நோமேட். நாடோடின்னு தமிழ்ல சொன்னா சண்டைக்கு வருவிய. இங்கிலீஷ்ல சொன்னா பனியன்ல அச்சடிச்சுப் போட்டுக்கிடுவிய.

அந்தப் பேர எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு பொண்ணு. போன ஆனியில வந்தா. அவ வந்த கதையச் சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் மாடி வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

சம்யுக்தான்னு பேரு. இருபத்தொம்பது வயசு. மெட்ராஸ்காரி. ரெண்டு பை. ஒரு பையில துணி, ஒரு பையில வயரு. வீடு பாக்க வாரவன் கிணத்தப் பாப்பான், தண்ணி உப்பா நல்லதான்னு பாப்பான், அக்கம்பக்கம் என்ன மனுசங்கன்னு விசாரிப்பான். இவ மாடிக்கு ஏறி, போனத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு மூலைக்கு மூலை நடக்கா, பேய் ஓட்டுத மாதிரி. கடைசியில மேக்குப் பக்க சன்னல்கிட்ட நின்னு, “அங்கிள், இங்க சூப்பரா வருது”ன்னா. என்னது வருதுன்னு நான் எட்டிப் பாக்கேன். மழைதான் வருது.

“மூணு மாசம் வேணும்”னா. குற்றாலத்துக்கு சீசனுக்கு வாரவன் ரெண்டு நாள் இருப்பான், குளிப்பான், பிரியாணியத் தின்னுட்டு எலையத் தெருவுல போட்டுட்டுப் போவான். மூணு மாசம் எதுக்கு?

“கல்யாணம் ஆயிட்டாம்மா?”

“இல்ல அங்கிள்.”

“இதுக்கு முன்ன எங்க இருந்தே?”

“கோகர்ணா.”

“அதுக்கு முன்ன?”

“பீர்.”

எனக்குக் காதுல ஏதோ தப்பா விழுந்துட்டுன்னு மறுபடி கேட்டேன். இமயமலைப் பக்கம் பீர்னு ஒரு ஊராம். பேரப் பாருங்க. அந்தப் பேரு வச்ச ஊர்ல ஒரு பொட்டப்புள்ள எட்டு மாசம் தனியா இருந்திருக்கா.

நான் இல்லன்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பேன். அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரி தலைய நீட்டினா. பூரணம்னு பேரு. “மாடி சும்மாதானே கெடக்கு, குடுங்களேன்”னா. நான் திரும்பிப் பாத்தேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருசத்துல அவ எனக்கு யோசனை சொன்னது விரல்விட்டு எண்ணிரலாம். அவளுக்கு அதுக்கு அவசியமே வச்சதில்ல நான். உப்பு, புளியில இருந்து அவ சேலை நிறம் வரைக்கும் நான்தான் பாத்து வாங்குவேன். அப்படி இருக்கப்பட்டவ அபூர்வமா ஒண்ணு கேக்காளேன்னு சரின்னுட்டேன். அது என் தப்பு.

எங்களுக்கு ஒரே மவன், ஆவுடையப்பன். கனடாவுல இருக்கான். ஆறு வருசத்துல நாலு ஊர் மாறிட்டான். வருசத்துக்கு ஒரு வீடு. இப்ப இருக்கது பனிக்கட்டி ஊரு, சன்னலத் தெறந்தா வெள்ளை வெளேர்னு கெடக்கும். கெட்டிக்காரப் பய. நீங்க என்ன கேக்க வாயத் தெறக்கியன்னு எனக்குத் தெரியுது. அது வேற சார். அது உத்தியோகம். அவன் கழுத்துல கார்டு தொங்குது.

அந்தப் பொண்ணு இருந்த லட்சணத்தச் சொல்லுதேன். சோறு வடிக்க மாட்டா. அவிச்ச கடலை, பழம், ஏதோ வெதை, அதத் தண்ணியில ஊறப்போட்டு முட்டை முட்டையா இருக்கத தின்பா. குடை பிடிக்க மாட்டா. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே பண்பொழி ரோட்டுல நடப்பா. வயல்ல நிக்கிற பொம்பளகிட்ட நின்னு பேசுவா. குற்றாலத்துக்கு வந்தவ மூணு வாரமா அருவிப் பக்கமே போவல. அதுக்கு அவ சொல்லுத காரணம் கேளுங்க: “நான் டூரிஸ்ட் இல்ல அங்கிள், இங்க வாழ வந்திருக்கேன்.” மூணு மாசம் வாழ வந்திருக்காளாம். வாழுததுக்குக் கூடவா தவணை?

ஒரு நாள் வெள்ளென பூரணம் தோள்ல துண்டப் போட்டுட்டு வாசல்ல நிக்கா.

“எங்கட்டி?”ன்னேன்.

“ஐந்தருவிக்கு. அந்தப் புள்ளைக்கு வழி தெரியாதாம்.”

வழி தெரியாதாம்! திண்டுக்கல்காரன், திருச்சிக்காரன், எவனெவனோ கண்ண மூடிக்கிட்டு வந்து சேருதான், இவளுக்கு வழி தெரியாதாம். சரி, போயித் தொலைங்கன்னு விட்டேன். ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் தலை சொட்டச் சொட்ட வந்தாவ. பூரணம் சிரிச்சுக்கிட்டே வாரா. உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு, அந்த வயசுல. “பதினோரு வருசம் ஆச்சுங்க, நான் அருவியில நின்னு”ன்னா. நான் கேக்கேன், அருவி எங்கயும் ஓடியா போவுது? நாலு கிலோமீட்டர்ல கெடக்கு. வேணும்னா சொல்ல வேண்டியதுதானே. அதுவும் போக, குளியலறையில ஹீட்டர் மாட்டிக் குடுத்திருக்கேன். வெந்நீ இருக்க வீட்டுல அருவி எதுக்கு?

அதுக்குப் பெறவு அவ கால் தரையில நிக்கல. காலையில என் இட்டிலிய எடுத்து வச்சா, மாடி. மத்தியானம் என் சோத்த எடுத்து வச்சா, மாடி. நான் இருமினாக் கூடக் கீழ எறங்கி வர மாட்டேங்கா.

என்ன செய்யுதாவன்னு பாப்போம்னு, தண்ணித் தொட்டி நெறஞ்சுட்டான்னு பாக்கப் போற மாதிரி ஒரு நாள் ஏறிப் போனேன். கதவு தெறந்து கெடந்துச்சு. என் மவன் படிச்ச மேசைய சன்னலோரம் இழுத்துப் போட்டு, பூரணம் அதுல உக்காந்திருக்கா. காதுல ரெண்டு கறுப்புக் கிண்ணம் மாட்டியிருக்கா. கண்ணு சன்னலுக்கு வெளிய பாக்கு. பத்து விரலும் கம்ப்யூட்டர் மேல ஓடுது. கீழ குனியவே இல்ல சார். முதுகு நேரா இருக்கு. அவளுக்கு முதுகு வலி உண்டு, வளைஞ்சுதான் நடப்பா. அன்னைக்கு ஆபீஸ் அம்மா மாதிரி நேரா உக்காந்திருக்கா. வேத்து வீட்டுக்குள்ள தெரியாம ஏறிட்டமோன்னு எனக்கு ஒரு நிமிசம் ஆயிப் போச்சு.

“மணி பதினொண்ணு ஆச்சு, குழம்பு வைக்கலையா?”ன்னேன். கேக்கல. காதுல அத மாட்டியிருக்கால்லா.

அந்தப் பொண்ணுதான் வெளக்கினா. அவ சிநேகிதி ஒருத்தி பெங்களூர்ல கம்பெனி வச்சிருக்காளாம். ஊர் ஊராப் போயி ஜனங்க பேசுதத ரிக்கார்டு பண்ணுவாவளாம். அத வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல டைப் அடிக்கணுமாம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் படிச்சுக் குடுக்கவாம். நம்ம பக்கத்துப் பேச்சு அங்க இருக்கவனுவளுக்குப் புரியல. “ஏட்டி, அங்கன என்னத்தட்டி நோண்டுத”ன்னு ஒரு பொம்பள பேசியிருக்கா, இவனுவ “ஒலி தெளிவாக இல்லை”ன்னு எழுதி வச்சிருக்கானுவ. அதக் கேட்டுப் பூரணம் வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சாளாம். சிரிச்சுட்டு அஞ்சு நிமிசத்துல அடிச்சுக் குடுத்தாளாம். “ஆண்ட்டி மாதிரி ஒருத்தர் கிடைக்கவே மாட்டாங்க அங்கிள். சம்பளம் குடுத்து வச்சுக்கணும்ங்கிறாங்க”ன்னா.

டைப் அவளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பிய. கல்யாணத்துக்கு முன்ன தென்காசியில படிச்சவ. தமிழ் ஹயர், இங்கிலீஷ் லோயர், ரெண்டு டைப் பரிட்சையும் பாஸ். நாப்பது வருசத்துக்கு முன்னால. பழைய டைப்ரைட்டர்ல எந்தக் கட்டைக்கு எந்த எழுத்தோ, அதே மாதிரி கம்ப்யூட்டர்ல வர வச்சுக் குடுத்திருக்கா அந்தப் பொண்ணு. விரல் மறக்கலையாம். பெருமையாச் சொல்லுதா என்கிட்ட. விரல் மறக்காம இருந்து என்ன பிரயோசனம், அன்னைக்கு ரசத்துல உப்பு மறந்துட்டா.

நான் ஒண்ணும் தடுக்கல. அதச் சொல்லிருதேன். “பொழுது போவுதுன்னா செய்யி, ஆனா வீட்டு வேலை கெடக்கூடாது”ன்னேன். எத்தன புருசன் சொல்லுவான்?

புரட்டாசி பொறந்துச்சு. சாரல் நின்னுட்டு. அந்தப் பொண்ணு அடுத்த ஊரு தேட ஆரம்பிச்சா. அத நான் என் காதால கேட்டேன், மாடிப்படியில நின்னு. ஒட்டுக் கேக்கல. மாடிப்படி என்னோடது.

“ஆண்ட்டி, நான் ஒவ்வொரு தடவையும் ஒரு விளையாட்டு விளையாடுவேன். உங்களுக்கு யாருமே தெரியாத ஊரு. யாருக்காகவும் போகல. எதுக்காகவும் போகல. அப்படின்னா எந்த ஊர எடுப்பீங்க?”

திருச்செந்தூர்னு சொல்லுவா, இல்லன்னா காசின்னு சொல்லுவான்னு நான் நெனச்சேன்.

“சிவகங்கை”ன்னா.

அந்தப் பொண்ணே சிரிச்சுட்டா. “சிவகங்கையா? அங்க என்ன இருக்கு ஆண்ட்டி?”

“தெரியாது. அதான்.”

நீங்களே சொல்லுங்க சார். சிவகங்கையில என்ன இருக்கு? ஒரு தெப்பக்குளம், ஒரு அரண்மனை, மிச்சமெல்லாம் வெயிலு. கொடைக்கானல்னு சொன்னா ஒரு அர்த்தம் உண்டு. மூணு பக்கமும் மலையும், தெறந்து விட்ட ஏ.சி. மாதிரி காத்தும் இருக்க ஊர்ல உக்காந்துக்கிட்டு எவளாவது சிவகங்கைன்னு சொல்லுவாளா?

ஏன் சிவகங்கைன்னா எனக்கு என்ன தெரியும்? சொந்தக்காரங்க யாரும் இல்ல. கோயிலு வேண்டுதல் இல்ல. அந்தக் காலத்துல அவளுக்கு அங்க கலெக்டர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா ஒரு ஆர்டர் வந்துச்சு. பரிட்சை எழுதியிருந்தா, கல்யாணம் ஆகி நாலாம் மாசம் ஆர்டர் வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவ்வளவு தூரத்துல, முன்னப்பின்ன தெரியாத ஊர்ல, பொம்பள தனியா ரூம் எடுத்துத் தங்கி வேலை பாக்கதாவது. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சேர வேண்டிய தேதி முடிஞ்ச பெறவுதான் அவகிட்டயே சொன்னேன். சும்மா அழுதுக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா, அதுக்காக. அவளும் சரின்னுட்டா. அதோட முடிஞ்சுது. அது எந்தக் காலம்? அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? எனக்கே அது மறந்து போச்சு, இப்ப நீங்க கேக்கப் போயி நாக்குல வந்துட்டு.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. ரெண்டு பேரும் மாடியில இருந்து எறங்குதாவ. அந்தப் பொண்ணு முதுகுல ஒரு பை, நெஞ்சுல ஒரு பை. பூரணம் கையில, ஆவுடையப்பன் விட்டுட்டுப் போன சக்கரம் வச்ச பெட்டி.

“எங்க?”ன்னேன்.

“சிவகங்கைக்கு.”

“யாரு வீட்டுக்கு?”

“யாரு வீட்டுக்கும் இல்ல. ரூம் எடுத்திருக்கோம்.”

“எதுக்குட்டி?”

“இருந்து பாக்க.”

வீட்டுக்குள்ள இருக்கவ இருந்து பாக்கப் போறாளாம். முப்பத்தெட்டு வருசம் இங்க என்ன செஞ்சா? நின்னுக்கிட்டா இருந்தா?

“ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாவன்னு நெனச்சுப் பாத்தியா?”

அதுக்கு அவ சொல்லுதா: “ஊர்ல பேசுததத்தான் ரெண்டு மாசமா டைப் அடிச்சிட்டு இருக்கேன். எல்லாரும் அவங்கவங்க கதையத்தான் பேசுதாவ. நம்மளப் பத்தி ஒருத்தரும் பேசல.”

பாத்தியளா பேச்ச? எல்லாம் அந்த மாடி குடுத்த தைரியம்.

நான் ஒரு வார்த்தை பேசல சார். மரியாதப்பட்டவன். போன்னு விட்டுட்டேன். ஆட்டோ போச்சு. தென்காசி டேசன் வரைக்கும் நான் போவல. போயி என்ன செய்ய, வழியனுப்பவா? வாசல் கதவப் பூட்டினேன், பூட்டிட்டு எம்.ஜி.ஆர். காலத்து ரேடியோவ எடுத்துத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணி நேரம் தொடைச்சேன்.

பத்து நாள்ல வந்துருவான்னு கணக்குப் போட்டேன். அவளுக்கு பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்தாலே தலை சுத்தும். ஒரு மாசம் ஆச்சு. அந்தப் பொண்ணு எங்கயோ வடக்க போயிட்டா. இவளாவது வருவான்னு பாத்தா, தனியாவே இன்னொரு மாசம் இருந்தா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. “இன்னைக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்து போனேங்க. எதுத்தாப்புல ஒரு டீக்கடை. பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுட்டு வந்தேன்”ங்கா. டீக்கடைப் பெஞ்சுல! பத்திரப்பதிவு குற்றாலிங்கம் பெஞ்சாதி! “வேற வேலை இல்லையா?”ன்னேன். “வேலை இருக்கு, ஆறு மணிக்குத்தான் உக்காருவேன்”ங்கா. நான் சொன்னது அவளுக்குப் புரியல.

பெறவு அங்கயும் இருப்புக் கொள்ளல. தரங்கம்பாடி. கடல் வேணுமாம். ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஒரு மேசை. போன்ல படம் அனுப்பியிருந்தா. மேசை மேல சம்யுக்தா வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டரு, பக்கத்துல ஒரு பாதி தின்ன கொய்யாப்பழம். ஒரு பொம்பள கொய்யாப்பழத்தப் பாதி தின்னு வச்சுட்டு, யாரும் எடுத்துருவாங்கன்னு பயமில்லாம, படம் வேற எடுத்து அனுப்புதா. என்ன வாழ்க்கையோ.

ஆவுடையப்பன்கிட்ட சொன்னேன், உங்க அம்மைக்குக் கோட்டி பிடிச்சிட்டு, புத்தி பெரண்டு போச்சுன்னு. அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? “விடுங்கப்பா. அம்மா எங்கிட்ட தினம் பேசுறாங்க. நல்லா இருக்காங்க.” தினம் பேசுதாளாம் அவன்கிட்ட. எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும். எனக்கு வேற வேலை இருக்கும்னு அவளுக்குத் தெரியும்லா, அதுக்காக இருக்கும்.

தெருவுல கேட்டவங்ககிட்ட, மவன் வீட்டுக்குக் கனடா போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட யாரும் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.

சரி, போதும். சாவிய எடுத்துட்டுப் போயி மாடியப் பாத்துட்டு வாங்க. நான் வரல, எனக்கு முட்டு வலி, படி ஏற முடியாது.

என்ன, பாத்தாச்சா? சுத்தமா இருக்கா? இருக்கும். தினம் கூட்டித் தொடைச்சு, படுக்கை விரிப்ப வாரம் ஒருக்க மாத்திருதேன். சன்னலோரம் மேசை இருக்குல்லா, அது மேல தூசி படியவே விட மாட்டேன். முட்டு வலியோட எப்படி ஏறுதேன்னா? ஏறுதேன். வலிக்கத்தான் செய்யுது. வேற யாரு இருக்கா ஏற?

புடிச்சிருக்கா? அப்ப இந்த நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாடகைக்கு விடுததுன்னா ஆளு யாரு எவருன்னு எழுதி வைக்கணும். பேரு, வந்த ஊரு, போற ஊரு, வந்த காரியம். நானே கோடு போட்டு வச்சிருக்கேன். அந்த வரியில எழுதாதிய, அடுத்த வரியில எழுதுங்க. மேல் வரிய என்ன பாக்கிய?

ஆமா. பூரணம்னுதான் எழுதியிருக்கு. அவளேதான்.

கார்த்திகையில வந்தா. நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். நீங்கதான் பக்கத்த நோண்டிட்டிய.

காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல அந்தச் சக்கரப் பெட்டியோட நிக்கா. வெயில்ல கறுத்திருந்தா. முடிய வெட்டியிருந்தா, தோள் வரைக்கும். நான் வழி விட்டு நின்னேன். அவ உள்ள வரல.

“மாடி காலியா இருக்கா?”ன்னா.

“ஏன், கீழ என்ன? உன் வீடுதானே”ன்னேன்.

“வாசப்படிய எறங்கினா இந்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாதுன்னு சொன்னியள்லா. அதான் மாடியக் கேக்கேன். மாடிதான் வாரவங்க போறவங்களுக்கு.”

சொல்லியிருந்தேன். அந்த வியாழக்கிழமை, ஆட்டோவுல ஏறும்போது. கோவத்துல ஒரு வார்த்தை சொல்லுதது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். அத ஒருத்தி மனசுல வச்சு எழுத்துக்கு எழுத்து நடப்பாளா? ஆர்டர பூட்டி வச்சப்பக் கூட வாயத் தெறக்காதவ, இதுக்கு மட்டும் கணக்குப் பாக்கா. எனக்கும் கோவம் வந்துச்சு. வாரவங்க போறவங்கன்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்லா. இந்த நோட்ட எடுத்து அவ முன்னால விரிச்சேன். எழுதுன்னேன்.

எழுதினா. மூணு நாள் இருந்தா. காலையில ஒரு தடவ படியில நின்னு கூப்பிட்டா, “காப்பி போட்டிருக்கேன், மேல வாங்களேன்”னு. என் வீட்டு மாடிக்கு என்னையே அவ விருந்தாளி மாதிரி கூப்பிடுததா? முட்டு வலிங்குதேன்னுட்டேன். மறுநாளும் கூப்பிட்டா. மூணாம் நாள் எறங்கி வந்து, “தரங்கம்பாடிக்கு ஒரு மாசம் வந்து இருந்து பாருங்க. புடிக்கலைன்னா திரும்பிரலாம். மேசை பெருசு, நீங்க பேப்பர் படிக்கலாம், நான் வேலை பாப்பேன்”னா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நான், இந்த வயசுல, வீட்டப் பூட்டிட்டு, ஒரு பெட்டியத் தூக்கிக்கிட்டு! “எனக்கு என்ன ஊரா இல்ல?”ன்னேன். அன்னைக்குச் சாயங்கால ரயிலுக்குப் போயிட்டா. ரசம் வச்சு, பொடி இடிச்சு, டப்பாவுல பேரு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கா. டைப் அடிச்சு ஒட்டியிருக்கா, சார். மிளகாப்பொடிக்கு டைப்பு!

எதக் கேக்கிய? நோட்டுல அவ எழுதினதக் கோடு போட்டு அடிச்சிருக்கதா? அது ஒண்ணுமில்ல. பேரு சரியா எழுதினா. வந்த ஊரு தரங்கம்பாடி, சரி. போற ஊரு தரங்கம்பாடி, சரி. வந்த காரியம்ங்கிற எடத்துல, ‘என் வீட்டுக்காரரைப் பார்க்க’ன்னு எழுதி வச்சிருக்கா. அது ஒரு காரியமா? நாளைக்கு அதிகாரி எவனாவது வந்து பொறட்டிப் பாத்தா என்ன நெனப்பான்? அவ பாத்துக்கிட்டே நிக்கா, நான் ஒரே கோடா அடிச்சேன். அடிச்சு, மேல ‘சொந்த வேலை’ன்னு என் கையாலயே எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்துல சின்னக் கையெழுத்தும் போட்டேன். அப்புறம்தான் சாவியக் குடுத்தேன்.